எட்டு சென்டிமீட்டர் ரோடு

6 பிப்ரவரி 2011, ஞாயிறு

மாடி ரூமைக் கூட்டினேன். கூட்டினேன் என்றால், அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினேன். ராபர்ட் லீவில் வந்திருந்த நாற்பது நாளில் முப்பது நாள் அந்தப் பலகையோடுதான் குடும்பம் நடத்தினார். ஆறடிக்கு நாலடி பிளைவுட் இரண்டு, நடுவில் போல்ட் போட்டு ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். மேலே தண்டவாளம். அலமாரியில் ஏழு இன்ஜின், ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப் பெட்டியில். மஸ்கட்டில் அவர் கம்பெனியில் இருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்யும்போது சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய ரயில் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் விமானம் ஏறும்போது என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை: "தண்டவாளத்துல தூசு படாம பாத்துக்க வாணி."

கல்யாணமாகி இருபது வருஷம். தூசு படாமல் பார்த்துக்கொள்கிறேன், சாமி.

11 பிப்ரவரி, வெள்ளி

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு அங்கே லீவு, அன்றுதான் போன் வரும். இன்று கேட்டேன், அந்த ரயில் எங்கிருந்து எங்கே போகிறது என்று. எங்கேயும் போகாது, சும்மா சுற்றும் என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

வரும் ஜனவரியோடு காண்ட்ராக்ட் முடிகிறதே, அப்புறம் என்ன என்றும் கேட்டேன். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்களாம். "பாக்கலாம்" என்றார். இதுவரை மூன்று முறை பாக்கலாம் சொல்லியிருக்கிறார், மூன்று முறையும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

15 பிப்ரவரி

இன்று பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. தினமும் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டைக்குப் போய் வருகிறேன், பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை. பதினாறு வருஷமாக அதே ரோடு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், ஒரு பக்கம் ரயில் பாதை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று கண்ணை மூடிப் பார்த்தேன், ரோடு என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. கறுப்பு என்று நினைத்திருந்தேன். திறந்து பார்த்தால் கறுப்பே இல்லை!

அந்தப் பலகையில் ஊர் இல்லை. அதுதான் குறை. ஊர் இல்லாத ரயில் சுற்றாமல் என்ன செய்யும்?

16 பிப்ரவரி

செய்யப்போகிறேன். ஜெர்மன்காரர் கொடுத்த பழைய படப் புத்தகம் ஒன்று பெட்டியில் இருந்தது. மலை, பாலம், சிவப்புக் கூரை வீடு, நடுவில் வெள்ளைக் கோடு போட்ட ரோடு. ரோட்டில் ஒரு ஆள் இல்லை, ஒரு மாடு இல்லை. துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. அந்த ஊர் எனக்கு எதற்கு? இரண்டு பலகையில் கன்ட்ரோல் பெட்டி இல்லாத பலகை எனக்கு, அதில் நான் புதுச்சத்திரம் ரோட்டைப் போடப்போகிறேன். லெவல் கிராசிங், கேட், வளைவு, முந்திரித் தோப்பு, எல்லாம்.

அவருக்குச் சொல்லப்போவதில்லை. டிசம்பரில் வந்து பார்க்கட்டும்.

ஏன் இந்த வேலை என்று எனக்கு நானே மழுப்ப வேண்டாம். இதைப் பார்த்துவிட்டு அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். எழுதிவிட்டேன்.

20 பிப்ரவரி, ஞாயிறு

மகள் சுவேதாவைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். யுனிவர்சிட்டி ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஏழு மீட்டர் ரோடு என்றால் எட்டு சென்டிமீட்டர். பஸ் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நான் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி! சுவேதா தன் சுண்டுவிரலைக் காட்டி, இதில் பாதிகூட நீ இல்லைம்மா என்றாள். அப்பாவுக்குச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. பார்க்கிறதையெல்லாம் எண்பத்தேழால் வகுத்துக்கொண்டே வந்தேன்.

6 மார்ச், ஞாயிறு

பலகையில் மண் ஏறிவிட்டது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, பெவிகால் கலந்து மேடு பள்ளம். அது காய்ந்ததும் தண்ணீர் கலந்த பெவிகாலைத் தடவி, புதுச்சத்திரத்திலிருந்தே கொண்டுவந்த மண்ணைத் துணியில் சலித்துத் தூவி, மேலே மறுபடி பெவிகால் தண்ணீர் விட்டேன். பெவிகால் மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக நின்று அழிச்சாட்டியம் பண்ணியது. இரண்டு சொட்டு ஷாம்பு விட்டேன், சர்ரென்று இறங்கிவிட்டது. இதை யாரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்!

பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் மாடிக்கு வடகம் காயவைக்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, கிறிஸ்மஸ் குடிலுக்கு மார்ச் மாதமே ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

27 மார்ச், ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

புதுச்சத்திரம் வளைவை அளக்கப் போனோம், நானும் சுவேதாவும். அவள் டேப்பின் ஒரு முனை, நான் ஒரு முனை. கையில் நோட்டு. உளுந்து அறுவடைக் காலம், ரோட்டின் பாதியில் செடியைப் பிடுங்கிவந்து பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித்தான் காயிலிருந்து உளுந்து உதிர வேண்டும். நான் குனிந்து அந்தச் சருகின் நிறத்தைப் பார்த்துப் பெயின்ட் கடை அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் வரப்பிலிருந்து ஓடிவந்தார். பெயர் பழனிவேல், அந்த உளுந்தும் ஓரத்து முந்திரிக் கொல்லையும் அவருடையது.

"எம்மா, எங்க பக்கம் எத்தினி அடி எடுக்கறீங்க? எதிர்ப்பக்கம் பொறம்போக்கு எவ்ளோ கெடக்குது, அத்த எடுக்கக் கூடாதா?"

ரோட்டை அகலப்படுத்த நிலம் எடுக்க வந்த ஆபீசர் என்று நினைத்துவிட்டார். இல்லைங்க, பொம்மை ரயிலுக்கு ரோடு செய்கிறேன், அதற்கு அளவு என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்படி ஒரு பொய்யை அவர் ஆயுசில் கேட்டதில்லை போல. அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பழனிவேல் சம்சாரம் ரத்தினம்மாள் வீட்டுக்கு ஓடி பட்டா ஜெராக்ஸை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். ஒருவர் இளநீர் வெட்டினார். வேண்டாம் என்றால் சந்தேகம் ஜாஸ்தியாகிறது, குடித்தால் லஞ்சம் வாங்கிய மாதிரி இருக்கிறது. குடித்தோம்.

"உங்க கொல்லைய நான் எடுக்கல அண்ணே, எங்க வீட்டு மாடியில செய்யப்போறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. பஸ் ஏறும்வரை ஒரு கூட்டமே பின்னால் வந்தது. சுவேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

3 ஏப்ரல், ஞாயிறு

ரோடு. நாலு நாளாக ரோடு.

முதலில் கறுப்புப் பெயின்ட். கேவலம். பலகைக்கு மை பூசிய மாதிரி இருந்தது. சுரண்டிவிட்டேன். சிமென்ட்டில் பெவிகால் கலந்து பூசினேன், மறுநாள் பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்பு அழகாகத்தான் இருந்தது, நம் ஊர் ரோடு மாதிரியே. ஆனால் கை பட்டதும் பெயர்ந்து வந்துவிட்டது. அதுவும் நம் ஊர் ரோடு மாதிரியே.

17 ஏப்ரல்

மூளை வேலை செய்தது! ஆலப்பாக்கத்தில் ரோட்டுக்கு ஒட்டுப்போடுகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் ஒரு ஹார்லிக்ஸ் டப்பா நிறையத் தார் வாங்கி வந்தேன். தார் ஊற்றுகிற பெண்கள் எதற்கு என்று கேட்டார்கள், ஒழுகுகிற குடத்துக்கு என்று சொன்னேன். நிஜம் சொல்லி இளநீர் குடித்த அனுபவம் போதும்.

அடுப்பில் காய்ச்சி, தென்னந் துடைப்பத்தால் இழுத்து, மேலே சலித்த மணல். என்ன நிறம், என்ன பளபளப்பு! நிஜத் தார் போட்டால் நிஜ ரோடு வராமல் என்ன வரும்? வீடு முழுக்க நாற்றம். தில்லையம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். எனக்கு ஒரே ஆனந்தம்.

8 மே, ஞாயிறு

எல்லாம் போச்சு.

அக்கினி வெயில். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூம். காலையில் மேலே போனால் என் ரோடு நடந்து போயிருக்கிறது! உருகி, சரிவில் இறங்கி, கிராசிங்கைத் தாண்டி, அவர் தண்டவாளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது. நான் ஆசையாக அட்டையில் செய்த பஸ் பாதி முழுகி நிற்கிறது. ஒரு பல்லி வேறு ஒட்டிக்கொண்டு... அதை எடுத்துவிடவே அரைமணி நேரம்.

அய்யோ, இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான். தூசு படாம பாத்துக்கன்னு சொன்ன மனுஷன், தாரை ஊத்தி வெச்சிருக்கேன். வந்து பார்த்தா இன்னா சொல்வாரு?

10 மே

மண்ணெண்ணெய், பஞ்சு, அழிரப்பர். ஒரு நாளைக்கு ஒரு முழம் தண்டவாளம்.

13 மே, வெள்ளி

போன். தண்டவாளம் எப்படி இருக்கிறது என்றார். பளபளவென்று இருக்கிறது என்றேன். பொய் இல்லை, இன்றுதான் துடைத்து முடித்தேன்.

5 ஜூன், ஞாயிறு

கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஸ்கூலில் பீரோவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்டர் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாள் ஒன்றைத் தேய்ந்துபோனது என்று கீழே போட்டார். காற்றில் பறந்து என் மேஜைக் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து பார்த்தேன். ரோடு! தேய்ந்த இடம் வெளிர்ச் சாம்பல், தேயாத இடம் கறுப்பு, சக்கரம் போய்ப் போய் ஓய்ந்த ரோடு அப்படியே காலடியில் கிடக்கிறது. அவர் தேய்த்துப் போட்ட எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டேன். பீரோவைத் தேய்த்ததை எதற்குப் பொறுக்குகிறீர்கள் மேடம் என்றார். நான் பதில் சொல்கிற நிலையில் இல்லை.

எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி ஒட்டினேன். ஓரத்தை நேராக வெட்டக் கூடாது, பிய்க்க வேண்டும். நம் ரோட்டுக்கு ஓரம் எங்கே நேராக இருக்கிறது? பிய்த்த இடத்தில் செம்மண். சக்கரம் போகும் இடத்தில் சாக்பீஸ் தூள். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் புது உப்புத்தாளில் கோணல்மாணலாக ஒரு துண்டு. வெடிப்புக்குப் பென்சில். கேட்டுக்கு முன்னால் வேகத்தடை, அதற்கு மட்டும் எம்-சீல்.

அப்புறம் தலையைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. சும்மா சொல்லவில்லை, கையில் பையைத் தேடினேன்.

3 ஜூலை

உளுந்துச் செடி: டீத்தூள் சக்கையும் சணல் தூளும். ரோட்டின் பாதியில் பரப்பி, மேலே பஸ் போன தடம். பனைமரத்துக்கு ஈர்க்கு, ஓலை பச்சைத் தாள். முந்திரிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்துத் துளசிக் குச்சியில் ஒட்டினேன். முந்திரி மரம் உயரமாக வளராது, குனிந்து தரையைத் தொடும். அதை நாரில் கொண்டுவர ஒன்பது மரம் பாழ். பத்தாவது மரம் தரையைத் தொட்டது.

14 ஆகஸ்ட்

சுவேதா வந்து பார்த்தாள். அரைமணி நேரம் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்புறம், "ம்மா, இது நீயா?" என்றாள். நிழற்குடையில் பச்சைப் புடவையோடு நிற்கிற பொம்மையைத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்பா எங்கே?"

இன்னும் செய்யவில்லை.

9 அக்டோபர்

மழை பெய்த மறுநாள் பள்ளத்தில் தேங்குகிற தண்ணீருக்கு வார்னிஷ். ஆறு தடவை பூசினால் ஆழம் வருகிறது. எட்டு தடவை பூசினேன், ஆசைதான்.

18 டிசம்பர், ஞாயிறு

வந்துவிட்டார். காலை டிபன்கூடச் சாப்பிடவிடாமல் மாடிக்குக் கூட்டிப்போனேன். என் பலகை மேல் போட்டிருந்த பழைய வேட்டியை எடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். சுற்றி வந்தார். குனிந்தார். தண்டவாளத்தில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"தார் மாதிரி இன்னாவோ ஒட்டியிருக்குதே" என்றார்.

அவ்வளவுதான். பத்து மாசம். பத்து மாசம் நான்... வேற ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலையா அந்த மனுஷனுக்கு? பஸ்ஸு, கேட்டு, உளுந்து, தண்ணி, ஒண்ணுமே?

20 டிசம்பர்

இன்று ரயில் விட்டார். என் பலகைக்கு வந்ததும் நாலாவது பெட்டி பனைமரத்தில் இடித்தது. இன்ஜினோடு இரண்டு பெட்டி தரையில் விழுந்தன. வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பாகம் உள்பக்கமாகத் தள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரோட்டை அளந்தேன், மரத்தை அளந்தேன், ரயிலை அளக்கவில்லை. ஓடாத ரயிலைப் பார்த்துக்கொண்டே செய்தவளுக்கு வேறென்ன வரும்.

"ரயில் ஓடணுமா, ரோடு இருக்கணுமா? நீயே சொல்லு வாணி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பனையைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

காண்ட்ராக்ட் தாள் அவர் பெட்டியில் இருக்கிறது. டிக்கெட் ஜனவரி இருபது. நான் கேட்கமாட்டேன். கேட்டால் கெஞ்சுவதாகிவிடும்.

26 டிசம்பர், திங்கள்

சுவேதாவுக்குத் துணி எடுக்கச் சிதம்பரம் போனோம், மூன்று பேரும். புதுச்சத்திரம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் இருந்தவர் சட்டென்று எழுந்து தலையை வெளியே நீட்டினார். கண்டக்டர் கத்தினார். உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "அந்த ஒட்டு, கோணலா இருக்குதே, அது நெஜமாவே அங்க இருக்குதா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

அப்புறம் சிதம்பரம் வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குள் மறுபடி என்னவோ துள்ளுகிறது. அடங்கு, இசைவாணி.

1 ஜனவரி 2012, ஞாயிறு

கரண்ட் இல்லை, போன் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முப்பதாம் தேதி விடியற்காலை புயல். ஐந்தரை மணிக்கு மாடியில் ஷீட் அடித்துக்கொள்கிற சத்தம். ஓடினோம். ஒரு மூலை ஆணி கழன்று ஷீட் தூக்கித் தூக்கிப் போடுகிறது, மழை உள்ளே கோணலாக அடிக்கிறது. இரண்டு பேருமாகத் தூக்கினால் ஒரு பலகைதான் தூக்க முடியும். அவர் பலகையில் கன்ட்ரோல் பெட்டி, வயர், எல்லாம். பக்கத்து அலமாரியில் ஏழு இன்ஜின்.

அவர் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "உன் பக்கத்தப் புடி" என்றார். எனக்குப் புரியவில்லை. இன்ஜின், இன்ஜின் என்று கத்தினேன். "இன்ஜின் கடையில விக்குது. புடி வாணி!"

படியில் திருப்பும்போது பலகை சாய்ந்தது. சாய்க்காதே, சாய்க்காதே, மரம் விழும் என்று அவர்தான் கத்தினார், நான் இல்லை. கீழே நடு ரூமில் கட்டில் மேல் வைத்தோம். மறுபடி மேலே போக அவர் காலை வைக்கிறார், ஷீட் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. சுவேதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

காற்று நின்ற பிறகு போய்ப் பார்த்தோம். அவர் பலகை தண்ணீரில் உப்பிப் பிளந்திருந்தது, அலமாரி குப்புறக் கிடந்தது. ஏழில் மூன்று நொறுங்கிவிட்டன, மற்றது தண்ணீரில். அவர் ஒவ்வொன்றாக எடுத்து லுங்கியில் துடைத்தார். நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால், இன்ஜினுக்காக இல்லை.

5 ஜனவரி

தெருவே வந்துவிட்டுப் போகிறது. தில்லையம்மாள்தான் முதலில், தண்ணீர் கேட்க வந்தவள் கட்டில் மேல் பலகையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். வெளியே ஒரு மரம் நிற்கவில்லை. இங்கே எல்லாம் நிற்கிறது. கரண்ட் இல்லாததால் ரயில் ஓடவில்லை, யாரும் ரயிலைக் கேட்கவும் இல்லை. ராபர்ட் வந்தவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டுகிறார். இது உப்புத்தாள், இது டீத்தூள், இது பாத்திரம் தேய்க்கிற நார் என்று என்னமோ அவரே செய்த மாதிரி விளக்கம்! இவருக்கு எப்போது தெரியும் இதெல்லாம்? சுவேதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார், திருட்டு மனுஷன்.

8 ஜனவரி, ஞாயிறு

பஸ் விட்டதும் ராபர்ட்டும் நானும் புதுச்சத்திரம் போனோம். முந்திரிக் கொல்லை முழுக்கப் படுத்துவிட்டது. வேரோடு. பழனிவேல் அரிவாளோடு கிளை கழித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எம்மா, அன்னிக்கு அளந்தீங்களே. அதுல எங்க மரம் இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

10 ஜனவரி

பழனிவேலும் ரத்தினம்மாளும் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பழனிவேல் விரலால் எண்ணினார். கேட்டுக்கு இந்தப் பக்கம், வரப்போரம், கிணற்று மேடு. மூன்று முறை எண்ணிவிட்டு, "கெணத்தாண்ட நாலு இருந்துச்சு. ஒண்ணு உட்டுட்டீங்க" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அளந்த அன்று எண்ணாமல் வந்தது என் தப்புதான். அதற்குள் ராபர்ட் அடுக்களைக்குப் போய் நாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். துளசிக் குச்சியை எப்படி வளைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரே ஒரு மரம் செய்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் குடுமி. ரத்தினம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அது இப்டித்தான் இருக்கும், ஆடு கடிச்ச மரம்" என்றாள்.

எங்கே நடுவது என்று பழனிவேல் இடத்தைக் காட்டினார். பெவிகால் காயும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

14 ஜனவரி

கரண்ட் வந்தது. காயவைத்திருந்த கன்ட்ரோல் பெட்டியை என் பலகையில் மாட்டினார். நாலு இன்ஜினில் இரண்டு ஓடுகிறது! ஆனால் ஓடப் பாதை அரை வட்டம்தான் இருக்கிறது. கேட்டைத் தாண்டிப் போய், பலகை ஓரத்தில் நின்று, திரும்பி வருகிறது. முதல் முறையாக எங்கேயோ போய் வருகிற மாதிரி இருந்தது.

17 ஜனவரி

மஸ்கட்டிலிருந்து போன். சரியாக என்ன பேசினார் என்று தெரியவில்லை, வாசலுக்குப் போய்விட்டார். நான் அடுக்களையில் குழாயை மூடிவிட்டு நின்றேன். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். உள்ளே வந்தவர் டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். நான் கேட்கமாட்டேன்.

19 ஜனவரி

பெட்டி கட்டவில்லை. ஆனால் போன தடவைகூடக் கடைசி நாள்தான் கட்டினார். ஊறுகாய் போட்டுவைப்பதா வேண்டாமா?

20 ஜனவரி, வெள்ளி

காலையில் எழுந்தால் ஆளைக் காணோம். சென்னைக்கு வண்டி சொல்லப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு ஒரு தச்சரோடு வந்தார். தச்சர் நடு ரூம் சுவரை அளக்கிறார், இவர் டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"புதுச்சத்திரத்தோட நின்னா எப்டி? சிதம்பரம் வரைக்கும் போவ வேணாமா?" என்றார்.

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். புதுச்சத்திரத்திலிருந்து சிதம்பரம் பத்தொன்பது கிலோமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் இருநூற்றுப் பதினெட்டு மீட்டர். நம் வீடு, தில்லையம்மாள் வீடு, அதைத் தாண்டித் தெருக்கோடி வரை போகும். ஆறடி செய்ய எனக்குப் பத்து மாசம் ஆனது, இதைச் செய்து முடிக்க நூறு வருஷம் ஆகும் என்றேன்.

தச்சர் சிரித்தார். ராபர்ட் சிரிக்கவில்லை. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, "ஆவட்டும். இப்ப இன்னா அவசரம்?" என்றார்.